சோவா ரிக்பா மருந்தறைக்குப் புதிதாக வருவோருக்கு: திபெத்திய மருந்து தயாரிப்பும் தரம் காத்தலும்

திபெத்திய மருந்து தயாரிக்கும் அறைக்குக் கற்க வருபவர்கள் முதல் நாளே கல்வத்தின் அருகில் போய் நின்றுகொள்வார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். அந்த அறையின் மூத்த ஆம்ச்சி, அதாவது திபெத்திய மருத்துவர், என் கையில் உலக்கையைத் தராமல் ஒரு முறத்தைத் தந்து, இரண்டு சாக்குக் கடுக்காயைக் காட்டி, பூச்சி அரித்ததையும் பிஞ்சையும் பொறுக்கச் சொன்னார். அந்த வேலை ஐந்து நாள் நீண்டது. திபெத்திய மரபு ஒரு மருந்துக்கு ஏழு அங்கங்களை வகுத்திருக்கிறது: சரியான நிலத்தில் விளைந்திருத்தல், சரியான பருவத்தில் பறித்தல், முறையாக உலர்த்துதல், புதியது பழையது அறிதல், நஞ்சு நீக்குதல், கடுமையைத் தணித்து மென்மையாக்குதல், பொருத்தமாகச் சேர்த்தல். இவற்றில் முதல் ஐந்தும் சரக்கு கல்வத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அந்த ஐந்தில் தவறிய சரக்கைப் பின்னால் எந்த இயந்திரமும் சரிசெய்வதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி இடிப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோவா ரிக்பா என்றால் ‘குணப்படுத்தும் அறிவு’ என்று பொருள். இதன் மூலநூல் கியூஷி எனப்படும் நான்கு தந்திரங்கள். 156 இயல்கள் கொண்ட இந்நூலை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இளைய யுதோக் யொந்தென் கொன்போவின் பெயரோடு சேர்த்தே மரபு சொல்கிறது. லாசாவில் 1916இல் தொடங்கப்பட்ட மென்-ட்ஸீ-காங் என்னும் மருத்துவ, சோதிட நிறுவனம் 1961இல் தரம்சாலாவில் மீண்டும் நிறுவப்பட்டது. இந்திய அரசு 2010இல் இம்முறையைச் சட்டப்படி ஏற்றது. 2020ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் யுனானி, சித்தம், சோவா ரிக்பா ஆகிய மூன்றையும் ஒரே வாரியத்தின் கீழ் வைத்திருக்கிறது. சித்த மருந்துக் கலைச்சொற்கள் தெரிந்தவருக்கு இந்த அறையில் பாதி வேலை முன்பே தெரிந்ததாக இருக்கும்; சுத்தி (நஞ்சு நீக்குதல்), சூரணம் (பொடி), வஸ்திரகாயம் (துணியில் சலித்தல்) என்று நாம் சொல்பவற்றுக்கு நேரான செயல்கள் இங்கும் உண்டு.

முதற்படி: பெயரை நம்பாமல் சரக்கைப் பார்த்தல்

திபெத்தியச் சரக்குப் பெயர்கள் பலவற்றில் இந்தியச் சொற்கள் அப்படியே கேட்கும். திப்பிலி அங்கே ‘பிபிலிங்’, சந்தனம் ‘த்ஸந்தன்’, குக்கில் ‘குகுல்’. கடுக்காய் ‘அருரா’, தான்றிக்காய் ‘பருரா’, நெல்லிக்காய் ‘கியுருரா’. நம் திரிபலாவின் மூன்று காய்களும் இவையே. இந்த நெருக்கம் புதியவருக்குத் தைரியம் தரும். அந்தத் தைரியத்தில்தான் முதல் பிழையும் நேரும்.

‘திக்தா’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இந்தியத் திக்தா, நேபாளத் திக்தா, திபெத்தியத் திக்தா என்று ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு கசப்புச் செடிகள் வழங்குகின்றன. இந்தியத் திக்தா என்பது வட இந்தியச் சந்தையில் சிராயிதா என்று விற்கப்படும் இமயமலைச் செடி. நம் ஊரில் நிலவேம்பு என்று கேட்டால் கிடைப்பது வேறு குடும்பத்துச் செடி. இரண்டும் நாக்கைச் சுருக்கும் அளவுக்குக் கசப்பதால் உலர்ந்த தண்டாக வந்தால் கலந்துவிடுவது எளிது. ‘சுகாங்’ என்பது மூங்கிலுப்பு. ஆனால் அதே பெயரில் வெண்ணிறக் கனிமம் ஒன்றும் வழங்குகிறது. ‘குர்கும்’ என்றால் சில இடங்களில் குங்குமப்பூ, சில இடங்களில் குசும்பப்பூ. குறிப்பில் ‘கச்சே குர்கும்’, அதாவது காஷ்மீரக் குர்கும், என்று எழுதியிருந்தால் மட்டுமே ஐயமின்றிக் குங்குமப்பூ.

குங்குமப்பூவைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி நான்கைந்து இழைகளைப் போடுங்கள். உண்மையான இழை எக்காளம்போல் ஒரு நுனியில் விரிந்திருக்கும். மஞ்சள் நிறம் அதிலிருந்து மெல்லக் கசிந்து இறங்கும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இழை சிவப்பாகவே இருக்கும். குசும்பப்பூ மிதந்து குழாய் போன்ற சிறு பூவாக விரிந்துவிடும். சாயமேற்றிய போலி, நீரைச் சட்டென்று சிவப்பாக்கிவிட்டுத் தான் வெளுத்துவிடும்.

ஒவ்வொரு சரக்குக்கும் சான்று மாதிரி ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, அதில் திபெத்தியப் பெயர், தாவரவியல் பெயர், பயன்படும் உறுப்பு, வாங்கிய இடம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். புதுச் சாக்கு வரும்போதெல்லாம் அந்தக் குப்பியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடவேண்டும். ‘ரூதா’ எனப்படும் கோஷ்டம் அழிவுநிலை உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதற் பட்டியலில் உள்ளது. ‘பங்பே’ எனப்படும் சடாமாஞ்சில் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இவற்றுக்கு வாங்கிய ரசீதும் மூல இடச் சான்றும் இல்லாமல் சாக்கை உள்ளே எடுக்கவே கூடாது. விலை மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், மலையில் ஒரு சரிவு வெறுமையாகியிருக்கும்.

இரண்டாம் படி: நிலமும் பருவமும்

கியூஷியின் தொடக்கத்திலேயே மருந்தும் நிலமும் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. மருத்துவ நகரமான தனாதுக்கைச் சூழ்ந்த மலைகளில், தெற்கே விந்தியம் கதிரவனின் ஆற்றல் கொண்டது. அங்கே மாதுளை, மிளகு, திப்பிலி போன்ற வெப்ப வீரியச் சரக்குகள் விளைகின்றன. வடக்கே பனிமலை நிலவின் ஆற்றல் கொண்டது; அங்கே சந்தனம், கற்பூரம், அகில் போன்ற குளிர்ச்சிச் சரக்குகள். கிழக்கே கடுக்காய்க் காடு. மேற்கிலுள்ள மலையின் பெயர் மலயம்; பொதியத்தை மலயமென்று கேட்டுப் பழகிய நமக்கு அது தெற்கிலிருந்து மேற்குக்கு நகர்ந்திருப்பது வியப்பாக இருக்கலாம். அங்கேதான் ‘நல்லவை ஆறு’ விளைவதாக நூல் சொல்கிறது: சாதிக்காய், மூங்கிலுப்பு, குங்குமப்பூ, கிராம்பு, ஏலக்காய், பேரேலம். இது புராண நிலவியல்தான் என்றாலும், இதிலிருந்து எடுக்கும் விதி நடைமுறைக்கு உரியது. குளிர்ச்சி வீரியமுள்ள செடியை மலையின் நிழற்சரிவிலும், வெப்ப வீரியமுள்ளதை வெயிற்சரிவிலும் பறிக்கவேண்டும். பாதையோரம், சுடுகாட்டருகு, காட்டுத்தீ பட்ட இடம், பூச்சி தின்ற புதர் ஆகியவற்றை விட்டுவிடவேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை செடியின் சாறு எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. இலையையும் முளையையும் மழைக்காலத்தில் எடுக்கிறோம். பூவையும் கனியையும் இலையுதிர்காலத்தில். வேரையும் தண்டையும் சாறு வற்றிய பிறகு. பட்டையையும் பிசினையும் இளவேனிலில். வேரெடுக்கும்போது புதரில் மூன்றில் இரண்டு பங்கையாவது விட்டுவையுங்கள் என்பது எனக்குச் சொல்லித்தரப்பட்ட கணக்கு. இது நூலில் உள்ள விதி என்று நான் சொல்லவில்லை, ஆனால் மறு ஆண்டும் அதே சரிவுக்குப் போக நினைப்பவருக்கு வேறு வழியில்லை.

மூன்றாம் படி: உலர்த்துதலும் வயதும்

குளிர்ச்சி வீரியமுள்ளவற்றை நிழலில் காற்றோட்டமாகவும், வெப்ப வீரியமுள்ளவற்றை வெயிலிலோ தீயின் இளஞ்சூட்டிலோ உலர்த்தவேண்டும் என்பது பொதுவிதி. மாற்றி உலர்த்தினால் வீரியம் மாறிவிடும் என்கிறது மரபு. மணமுள்ள இலையை உச்சிவெயிலில் போட்டால் மணம் பறந்துவிடுவதை மூக்கே சொல்லிவிடும். ஒரு சரக்கின் மணம் மற்றொன்றில் ஏறாதபடி தனித்தனித் துணியில் பரப்பவேண்டும். புகையும் படக்கூடாது.

இந்தப் படிதான் ஊருக்கு ஊர் அடியோடு மாறுகிறது. லடாக்கின் லே ஒரு குளிர்ப்பாலைவனம்; அங்கே வெட்டிப் பரப்பிய வேர் ஒரு வாரத்தில் கலகலவென்று ஒலிக்கும். தரம்சாலாவிலோ ஆடி, ஆவணியில் சுவரே வியர்க்கும். அப்படியொரு மழைக்காலத்தில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு உலர்ந்ததாகவே தெரிந்தது. சாக்கில் கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது வெளிப்புறம் நன்றாகவே இருந்தது. கையை நடுவரை விட்டபோது இளஞ்சூடு தட்டியது, எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறப் பூஞ்சை. பதினெட்டுக் கிலோவையும் குழியில் கொட்டினோம். பூஞ்சையைத் துடைத்துவிட்டு வறுத்துப் பயன்படுத்தலாமே என்று நான் கேட்டதற்கு ஆம்ச்சி பதில் சொல்லவே இல்லை. பூஞ்சை விட்டுச்செல்லும் நஞ்சு வறுப்பதால் போவதில்லை என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து விரலை நம்புவதில்லை. சாக்கின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து, 5 கிராம் பொடியை எடைபோட்டு, 105 பாகை செல்சியசில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்திப் பார்க்கிறோம். 5 கிராம் 4.6 ஆகக் குறைந்தால் இழப்பு 8 விழுக்காடு. ஏலம் போன்ற மணச்சரக்குகளில் எண்ணெயும் ஆவியாகும் என்பதால் இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும்; அதை நினைவில் வைத்துப் படிக்கவேண்டும்.

சரக்கின் வயது பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலை, பூ, மணச்சரக்கு ஆகியவற்றை ஓராண்டுக்குள் பயன்படுத்துங்கள்; கனிமங்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது; சாக்கில் நாள் எழுதப்படாத சரக்கைப் பழையதென்றே கொள்ளுங்கள்.

நான்காம் படி: நஞ்சு நீக்குதலும் தணித்தலும்

இஞ்சிக்குப் புறந்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு அகக்கொட்டை நஞ்சு என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். திபெத்திய மருந்தறையில் இதே கருத்து எல்லா உறுப்புகளுக்கும் விரித்து வகுக்கப்பட்டிருக்கிறது: வேருக்கு மேல்தோல், தண்டுக்குக் கணு, இலைக்குக் காம்பு, பூவுக்குப் புல்லிவட்டம், கனிக்குக் கொட்டை. இங்கே நஞ்சு என்பது கொல்லும் விடம் என்ற பொருளில் மட்டும் வருவதில்லை. செரிக்கக் கடினமானது, மருந்தின் செயலைத் தடுப்பது என்பதும் அதில் அடங்கும்.

கடுக்காயை உடைக்க ஒரு முறை இருக்கிறது. காயைப் படுக்கவைத்து அடித்தால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கி, அதன் துணுக்குகள் தோலோடு கலந்துவிடும். தட்டையான கல்லின்மேல் நிறுத்திப் பிடித்து, மேல்முனையில் அளவாகத் தட்டினால் தோல் நீளவாக்கில் பிளந்து கொட்டை முழுதாக வெளியே வரும். கைவர நூறு காயாவது ஆகும். கட்டைவிரல் நகத்தைப் பற்றி முன்கூட்டியே அனுதாபம் தெரிவித்துக்கொள்கிறேன்.

கனிமங்களுக்கும் பிசின்களுக்கும் வேறு வழிகள். ‘த்ராக்சுன்’ எனப்படும் கன்மதத்தை (சிலாஜித்) நீரில் கரைத்து, மண் படியவிட்டு, தெளிவைத் துணியில் வடித்து, மென்தீயில் குழம்பாக வற்றவைக்கிறார்கள். ‘சோங்ஷி’ என்னும் சுண்ணக்கல்லைச் சுட்டுப் பாலிலோ ‘சாங்’ எனப்படும் பார்லி மதுவிலோ தோய்ப்பதுண்டு.

புதியவர்கள் தொடக்கூடாதவை இரண்டு. ஒன்று நாபி (அகோனைட்) கிழங்கு வகைகள். ‘போங்’ என்று தொடங்கும் பெயர்களில் அதிவிடயம் போன்ற சாதுவானவையும் உண்டு, கொடிய நஞ்சுள்ள உறவினங்களும் உண்டு. கிழங்காகப் பார்த்தால் வேறுபாடு பிடிபட ஆண்டுகள் ஆகும். சுவையால் மருந்தை அறிவது இம்மரபின் அடிப்படை என்றாலும், பெயர் உறுதியாகாத கிழங்கை நாக்கில் வைக்கவே கூடாது. மற்றொன்று ‘த்ஸோதெல்’. 13ஆம் நூற்றாண்டின் ஒர்கியென்பா ரின்சென் பால் வழியாக வந்ததாகக் கருதப்படும் இந்தப் பாதரசச் சுத்தி, ‘ரின்சென் ரில்பு’ எனப்படும் விலையுயர் மாத்திரைகள் சிலவற்றில் சேர்கிறது. பாதரசத்தின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. இது உரிய பயிற்சியும் காற்றுப்போக்கியும் கொண்ட குழுவின் வேலை. மருந்தில் அது சேர்ந்திருந்தால் லேபிளில் மறைக்காமல் எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: ஒரு மருந்தை முழுதாகச் செய்து பார்த்தல்

பழகுவதற்கு ‘செந்து ஙாபா’ என்னும் மாதுளை ஐந்தைவிடப் பொருத்தமான யோகம், அதாவது மருந்துக் கலவை, கிடைக்காது. மாதுளை விதை, லவங்கப்பட்டை, ஏலக்காய், திப்பிலி, குர்கும் ஆகிய ஐந்தே சரக்குகள், எல்லாம் தெரிந்தவை, நஞ்சு இல்லை. குளிர்ந்து மந்தமான வயிற்றில் ‘மெத்ரோ’ எனப்படும் செரிமானச் சூட்டை எழுப்புவதற்காக இது வகுக்கப்பட்டது. மாதுளையே தலைமைச் சரக்கு, ஆகவே அதன் அளவே அதிகம். மற்றவற்றின் அளவை நீங்கள் கற்கும் மரபின் யோகக் குறிப்பில் உள்ளபடியே எடுக்கவேண்டும். ஐந்தாவது சரக்காக இப்போது குசும்பப்பூவே பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. எதைச் சேர்த்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

எடை போடுவதற்கு முன் ஏலத்தின் தோலை நீக்கி அரிசியை மட்டும் எடுங்கள். தோலோடு எடைபோட்டுவிட்டு அப்புறம் நீக்கினால் யோகமே மாறிவிடும். ஒருவர் எடைபோட, மற்றொருவர் தராசு எண்ணைப் படித்து எழுதவேண்டும். தனியாக எடைபோடுவதை நான் எந்த அறையிலும் அனுமதிக்கமாட்டேன்.

இடிக்கும்போது தொல்லை தருவது மாதுளைதான். காய்ந்த விதையிலும் புளிப்பும் இனிப்புமான சதை ஒட்டியிருப்பதால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, இயந்திரத்தின் கத்தியில் களியாக அப்பிக்கொள்ளும். வெயிலிலோ இளஞ்சூட்டிலோ மொறுமொறுப்பாகும்வரை காயவைத்து, ஆறியவுடன், லவங்கப்பட்டைத் துண்டுகளோடு சேர்த்து அரைத்தால் பொடி உதிரியாக விழும். ஏலத்தையும் திப்பிலியையும் கடைசியாக, அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, மீண்டும் ஓட்டி அரைக்கவேண்டும். பாத்திரம் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிவிட்டால், அறை முழுவதும் கமழும் அந்த மணம் மருந்திலிருந்து போனதுதான். எல்லாவற்றையும் 80 எண் சல்லடையில் சலித்து, மேலே தங்கிய கப்பியை எறியாமல் மறுபடி அரைத்து முழுவதையும் உள்ளே சேர்க்கவேண்டும்; கப்பியை எறிந்தால் கடினமான சரக்கின் அளவு குறைந்துவிடும்.

கலக்கும்போது அளவில் மிகச் சிறியதில் தொடங்குங்கள். அதோடு அதே அளவு அடுத்த பொடியைச் சேர்த்துக் கலந்து, அந்தக் கலவைக்குச் சமமாக மீண்டும் சேர்த்து, இப்படியே இரட்டித்துப் போய் மாதுளையில் முடிக்கவேண்டும். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்துக் கத்தியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். குசும்பப்பூவின் செம்மஞ்சள் கோடு எங்காவது தனியாகத் தெரிந்தால் கலவை இன்னும் ஆகவில்லை. பிறகு நாக்கில் வைத்துப் பாருங்கள்: முதலில் புளிப்பு, உடன் இனிப்பு, கடைசியில் திப்பிலியின் காரம் தொண்டையில் நிற்கவேண்டும். இனிப்பு நிலமும் நீரும், புளிப்பு தீயும் நிலமும், காரம் தீயும் காற்றும் என்று மரபு சுவைகளைப் பூதங்களாகப் பிரிக்கிறது. ஆம்ச்சி ஒருவர் பொடியைச் சுவைத்துவிட்டுக் கண்ணை மூடி நிற்கும்போது இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

மாத்திரையாக உருட்டுவதென்றால், கொதித்து ஆறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையவேண்டும். நீர் கூடினால் உலர நாளாகும், இடையில் புளித்துவிடும். சுழல்சட்டியில் உருட்டிய மாத்திரைகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, நாளுக்கு இருமுறை திருப்பிவிட்டு உலர்த்துகிறோம். பிறகு நீளமான துணிப்பையில் இட்டு, இருவர் இருபுறமும் பிடித்து முன்னும் பின்னும் ஓடவிட்டால் மெருகேறும். உலர்ந்தபின் ஒன்றை இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் கருமையான ஈரப்புள்ளி இருந்தால் மொத்தமும் மறுபடி துணிக்குப் போகவேண்டும். இருபது மாத்திரைகளைத் தனித்தனியே எடைபோட்டுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று எழுதிவைப்பதும் இந்த இடத்தில்தான்.

‘தாங்’ எனப்படும் குடிநீர் காய்ச்சுவோருக்கு ஓர் எச்சரிக்கை. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். தரம்சாலாவில் எழுதப்பட்ட ‘இத்தனை நிமிடம்’ என்ற குறிப்பு அங்கே பொருந்தாது. நிமிடத்தை விட்டுவிட்டு, எத்தனை பங்கு நீர் எத்தனை பங்காக வற்றவேண்டும் என்றே எழுதுங்கள்.

ஆறாம் படி: ஆய்வகமும் பதிவேடும்

ஆய்வகத்துக்கு அனுப்பும் சோதனைகளில் புதியவர் பொருள் புரிந்து படிக்கவேண்டியவை சில. அமிலத்தில் கரையாத சாம்பலின் அளவு கூடியிருந்தால் சரக்கில் மணல் இருக்கிறது. வேரைக் கழுவியவர் அவசரப்பட்டிருக்கிறார். சரக்கின் கூறுகளைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் மென்படலப் பிரிப்புத் தட்டில் சான்று மாதிரியின் பட்டைகளும் புதுச் சரக்கின் பட்டைகளும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். மூலிகை மருந்துகளுக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் உலோக வரம்புகள், பத்து லட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. செந்து ஙாபா போன்ற முழு மூலிகை மருந்தில் இவற்றில் ஒன்று மீறினால், விளைந்த மண்ணையோ அரைத்த இயந்திரத்தையோ ஐயப்படவேண்டும். ஒரு கிராமில் மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும், பூஞ்சை ஆயிரத்துக்கும் உட்பட்டிருக்கவேண்டும், ஈ. கோலையும் சால்மோனெல்லாவும் அறவே இருக்கக்கூடாது. இவை மீறினால் பெரும்பாலும் மூன்றாம் படிக்குத் திரும்பவேண்டியிருக்கும்.

பதிவேட்டில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம். சரக்குச் சாக்குகளின் எண்கள், நஞ்சு நீக்குவதற்கு முன்னும் பின்னும் எடை, அரைத்த நாளின் வானிலை, முன்பு அதே இயந்திரத்தில் அரைத்த மருந்து எது, கழுவியவர் யார், கடைசியாக எவ்வளவு பொடி கிடைத்தது என்பவை அதில் வரவேண்டும். பத்துக் கிலோ இட்டு ஒன்பதே முக்கால் கிடைத்தால் இயல்பு. ஒன்பதுதான் கிடைத்தது என்றால் கப்பியை எங்கோ கொட்டியிருக்கிறீர்கள். பத்தேகால் கிடைத்தது என்றால் மருந்து ஈரம் குடித்திருக்கிறது அல்லது முந்தைய மருந்தின் மிச்சம் இயந்திரத்தில் இருந்திருக்கிறது. தவறாக எழுதியதை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரண்டு சோதனைகளுக்குப் போதுமான அளவை எடுத்து, விற்பனைக்குப் போகும் அதே வகைக் குப்பியில் அடைத்து, மருந்தின் காலாவதி நாளைத் தாண்டி ஓராண்டாவது அலமாரியில் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை அந்தக் குப்பிகளைத் திறந்து நிறம், மணம், சுவை ஆகியவற்றைப் பார்த்து அதே பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதவேண்டும். அந்த வேலையை இப்போதும் புதிதாக வருபவர்களிடமே கொடுக்கிறோம். ஏலத்தின் மணம் எந்த மாதத்திலிருந்து மங்கத் தொடங்குகிறது என்பதை அவர்களுடைய மூக்கு அப்படித்தான் தெரிந்துகொள்கிறது.